தண்ணீர் கேட்டவர்

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுவார். “கொஞ்சம் தண்ணி குடுங்க.” அதன்பின் எழுந்து புறப்படும்வரை வாய் திறக்கமாட்டார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் இன்றும் இருக்கிறார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் ஏதோ ஒரு பேருந்தில், சன்னலோர இருக்கையில், இந்த நேரத்தில்கூட அவர் அமர்ந்திருக்கலாம். பெயரைச் சொன்னால் அடையாளம் கண்டுகொள்ளப் பல குடும்பங்கள் உள்ளன. அவர்களில் பெரும்பாலோர் அவரை நன்றியோடு நினைப்பவர்கள்தாம். ஆயினும் அவரைப் பற்றிய பேச்சை எடுத்தால், பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். நான் இதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

திண்டிவனத்தை அடுத்த ஒரு சிறிய கல்லூரியில் அவர் பொருளியல் துறைப் பேராசிரியராக இருந்தார். நான் அங்கே முதல்வராக இருந்தேன். சிறிய கல்லூரி என்றாலும் முதுகலை வகுப்புகள் சிலவற்றை நடத்திவந்தோம். அவற்றில் சேர்வதற்கு உரிய பாடத்தில் இளங்கலைப் பட்டம், அதில் வரையறுத்த மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் என் காலத்தில் யாரையும் சேர்த்ததில்லை. அமைச்சர் வீட்டுப் பரிந்துரையோடு வந்தவர்களையும் சான்றிதழ் எடுத்துவரத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

சேர்க்கை ஒரு பக்கம். கட்டண விலக்கு மற்றொரு பக்கம். கல்லூரியை நிறுவியவர், வசதியற்ற முதுகலை மாணவர் சிலருக்கு ஆண்டுதோறும் முழுக் கட்டணத்தையும் விலக்கித் தர ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார். அதற்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். கல்லூரியிலிருந்து ஒருவர் விண்ணப்பித்தவரின் வீட்டுக்கு நேரில் சென்று பார்த்துவர வேண்டும். வட்டாட்சியர் கொடுக்கும் வருமானச் சான்றிதழை அந்தப் பெரியவர் அவ்வளவாக நம்பவில்லை போலும்.

தொடக்கத்தில் இளம் விரிவுரையாளர்களை அனுப்பினோம். அவர்கள் மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலை மூட்டையோடும் இளநீர்க் குலையோடும் திரும்பி வந்தார்கள். போன வீடுகள் எல்லாமே ஏழை வீடுகள் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆகவே பொருளியல் பேராசிரியரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தேன். அவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர் துறைக் கூட்டங்களில்கூடப் பேசாதவர் என்பதுதான். பேசாதவர் விலைபோகமாட்டார் என்று கணக்கிட்டேன். அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. கணக்கில் வராத ஒன்றும் அதோடு சேர்ந்து வந்தது.

ஒல்லியான, நெடிய உருவம். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தானிட்டிருப்பார். கண்களை இமைப்பது மிகக் குறைவு. நடக்கும்போது செருப்பு ஓசை எழாது. முதல் ஆண்டே மாணவர்கள் என்னிடம் வந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மாணவன் சொன்னது நினைவிருக்கிறது. அவர்கள் தெருவில் யார் நுழைந்தாலும் குரைக்கும் நாய், இவர் வந்தபோது எழுந்து வழிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டதாம். “எப்ப வந்தாருன்னே தெரியலைங்க சார். அம்மா திரும்பிப் பாத்தா, கூடத்துல உக்காந்துக்கினு இருக்காரு” என்றான்.

அவர் தண்ணீர் கேட்பார். கொடுப்பார்கள். டம்ளரை வாங்கி முழங்காலின்மேல் வைத்துக்கொள்வார். குடிக்கமாட்டார். கேள்வி கேட்கமாட்டார். வீட்டை நோட்டமிடவும் மாட்டார். எதிரில் இருப்பவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நம் பக்கத்து மக்களால் விருந்தாளி முன்னால் மௌனமாக இருக்க முடியாது. முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு பேருந்து வராததைப் பற்றி. அதற்கும் அவர் பதில் சொல்லாமல் இருக்கவே, பேச வேண்டியவை தீர்ந்துபோய், பேசக் கூடாதவை வெளியே வரத் தொடங்கும். கடைசியில் எழுந்திருக்கும்போது ஒன்று அந்தத் தண்ணீரை முழுவதும் குடிப்பார், அல்லது ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வருவார். குடித்தால் அந்த மாணவருக்குக் கட்டண விலக்கு உண்டு. வைத்துவிட்டால் இல்லை.

மாணவர்களிடையே இன்னொரு பேச்சும் உலவியது. அவர் வந்து உட்கார்ந்த வீட்டில் ஓர் ஆள் குறையும் என்று. நான் படித்தவன், இத்தகைய பேச்சுகளுக்குக் காது கொடுப்பவனல்லன். ஆயினும் நிர்வாகியின் கடமை என்று கருதிச் சில குடும்பங்களை விசாரித்துப் பார்த்தேன். ஒரு வீட்டில் மூத்த மகன் சொல்லாமல் திருப்பூருக்குப் போயிருந்தான். இன்னொரு வீட்டில் ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த மருமகள் பிறந்தகம் திரும்பிவிட்டிருந்தாள். விசாரிப்பதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

டம்ளர் விஷயத்தை நான் நேரில் கண்டது கண்டமங்கலத்துப் பக்கம் ஒரு வீட்டில். எம்.காம். வகுப்புக்கு விண்ணப்பித்திருந்த ஒரு பையனுக்கு அவர் பரிந்துரை மறுத்திருந்தார். ஓட்டு வீடு, ஒழுகும் கூரை, தகப்பனாருக்குப் பார்வை குன்றியிருந்தது. இவர்களுக்கு இல்லையென்றால் யாருக்கு என்று ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். கல்லூரியின் பெயர் கெடக் கூடாதே என்று, அவரையும் அழைத்துக்கொண்டு நானே போனேன்.

பையனின் தாய் எங்களுக்குப் பாயை விரித்தார். இவர் தண்ணீர் கேட்டார். பிறகு அந்த மௌனம் தொடங்கியது. அதற்கு முன் அதை நான் அனுபவித்ததில்லை. மின்சாரம் நின்று மின்விசிறி மெதுவாகச் சுழன்று ஓய்ந்தது. ஒரு கோழி உள்ளே வந்து அவர் பாதத்தின்மேல் ஏறி நின்றது. அவர் காலை அசைக்கவில்லை. எனக்கே ஏதாவது பேசவேண்டும்போல் தொண்டை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த அம்மா காப்பி போடட்டுமா என்றார். கணவரின் கண்ணைப் பற்றிச் சொன்னார். ஓடு மாற்ற ஆள் கிடைக்காததைப் பற்றிச் சொன்னார். அப்புறம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

“அவன் பாண்டில கம்பெனிக்குப் போய்க்கினுதாங்க இருக்கான். காலேஜுக்கெல்லாம் வரமாட்டான். எம்.காம். படிக்கிறான்னு ஒரு பேரு இருந்தா பொண்ணு குடுக்க வருவாங்க சார். வெறும் கம்பெனின்னா எவன் குடுக்கறான்?”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. இவர் எழுந்தார். டம்ளரைச் சுவரோரம் வைத்தார். விளிம்புவரை தண்ணீர் அப்படியே இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நான் அவரைக் கடிந்துகொண்டேன். கேட்டு வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் வைப்பது ஒரு வீட்டை அவமதிப்பதாகும் என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

“குடிச்சிட்டா குடுத்த மாதிரி ஆயிடுங்க சார். அந்த எடம் இன்னொரு புள்ளையோடது.”

குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் அவர் தாமாகவே என்னிடம் சொன்னதுண்டு. ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியைப் பெருக்கித் துடைக்கும் பெண்மணி. கணவர் இல்லை. மகளுக்கு எம்.ஏ. ஆங்கிலம். இவர் போய் உட்கார்ந்தார். அந்த அம்மாவும் எதிரே உட்கார்ந்தார். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாராம். கீரை தீர்ந்தது. வெயில் வாசலைத் தாண்டிப் போயிற்று. அந்த அம்மாவும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. கடைசியில் இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

ஒன்றும் பேசாதவருக்கு எப்படிப் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“பேசறதுக்கு அந்த வீட்ல ஒளிச்சு வெச்சது ஒண்ணும் இல்லீங்க சார்” என்றார்.

அன்று அவர் முகத்தில் ஒரு மெல்லிய ஒளி இருந்ததாக எனக்குத் தோன்றியது. அச்சம் தரும் முகத்தில் மகிழ்ச்சியைப் பார்ப்பது இன்னும் சற்று அச்சம் தருவதாக இருந்தது.

இனி அனந்தபுரத்துச் செய்தி. அவருக்கும் எனக்கும் இடையே நேர்ந்த ஒரே பிணக்கு அதுதான்.

அந்த ஊருக்கு அருகில் சொந்த நிலம் வைத்துப் பயிரிடும் ஒரு குடும்பம். மாடி வீடு, ஆழ்துளைக் கிணறு, மொட்டை மாடி முழுக்கக் காயும் மல்லாட்டை. அந்த வீட்டுப் பெண் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் கட்டண விலக்கும் கேட்டிருந்தாள். வருமானச் சான்றிதழில் உண்மையான வருமானத்தையே காட்டியிருந்தாள். அது வரம்புக்கு வெகுதூரம் மேலே. எங்கள் அலுவலகத்தில் அதைப் பார்த்துச் சிரித்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் அந்த வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் தகப்பனார் என் அறைக்கு வந்தார். வாட்டசாட்டமான மனிதர். சண்டைக்கு வந்தவர் போலத்தான் நுழைந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிட்டது.

“இன்னா மனுசன்யா அவரு” என்று ஆரம்பித்தார். “ஒரு கேள்வி கேக்கலீங்க. எங்கூட்டுல வந்து உக்காந்துக்கினே கெடந்தாரு. போயிடுவாரு போயிடுவாருன்னு பாத்தா போகல. நானா பேசிட்டேங்க. எம்பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லாதத எல்லாம் சொல்லிட்டேன். ராத்திரியிலிருந்து ஒரே பேஜாரா கீது. அத அவரு வெளிய சொல்ல வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா.”

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரே அதையும் சொல்லிவிட்டார். ஒருமுறை திறந்த வாய் மூடவில்லை போலும். பெண்ணை அக்காள் மகனுக்குக் கட்டிவைக்க நிச்சயம் செய்திருந்தார். நிலம் இரண்டாகாமல் இருக்கும். அந்தப் பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். பெண்ணுக்கும் தாய்க்கும் தெரியாது. பெண் மேலே படிக்கப் போய்விட்டால் கையை விட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில், படிப்புக்கு ஒரு ரூபாயும் தரமுடியாது என்று சொல்லியிருந்தார்.

புறப்படும்போது ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பேராசிரியர் கண்டமங்கலத்துப் பக்கம் நிலமற்ற ஒரு கிறித்தவக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அனந்தபுரத்துக்காரர் இதை எப்படியோ விசாரித்து வைத்திருந்தார். பேராசிரியர் தண்ணீர் கேட்டபோது, கடையிலிருந்து மூடி திறக்காத பாட்டில் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்களாம். இவர் அதை வாங்கிக் காலருகில் வைத்துவிட்டு, முதல்முறை கேட்கிறவர் போலவே மறுபடி, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றாராம். யாரும் அசையவில்லை. அந்தப் பெண் உள்ளே போய், தான் குடிக்கிற டம்ளரில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

“அத்த ஒரே மூச்சுல குடிச்சிட்டு எழுந்து போயிட்டாருங்க” என்றார் தகப்பனார்.

அன்று பிற்பகல் பேராசிரியரை அழைத்தேன். வருமான வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், ஒருவருக்குத் தளர்த்தினால் நாளை கல்லூரியின் பெயர் சந்தி சிரிக்கும் என்றேன்.

“அந்த வீட்ல பணம் இருக்குங்க சார். அந்தப் பொண்ணுகிட்ட இல்ல” என்றார்.

அது விதியில் இல்லை என்றேன். அவர் தலையசைத்தார். போய்விடுவார் என்று கோப்பு ஒன்றை எடுத்தேன். அவர் என் உதவியாளரைப் பார்த்து, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார்.

என் வாழ்நாளில் அந்த வாக்கியத்தைக் கேட்டு உடல் குளிர்ந்தது அன்றுதான்.

உதவியாளர் கொடுத்த டம்ளரை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு அவர் என் எதிரே உட்கார்ந்தார். நான் கோப்புகளில் கையெழுத்திட்டேன். மூன்றாவது கோப்பில் என் கையெழுத்து என் கையெழுத்தாக இல்லை. வகுப்பு மாறும் மணி அடித்தது. வெளியே மாணவர்களின் சத்தம் எழுந்து அடங்கியது. மீண்டும் மணி அடித்தது. வெளியே போங்கள் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. அதைச் சொல்லவே வாய் திறந்தேன். வந்தது வேறு.

நான் என்ன பேசினேன் என்பது இங்கே தேவையில்லாதது. அது என் வீட்டாரைப் பற்றியது, அதற்குமேல் எழுதுவதற்கில்லை. பேசி முடித்தபோது அவர் முகத்தில் வெற்றியும் இல்லை, இரக்கமும் இல்லை. தண்ணீரைக் குடித்தார். டம்ளரை என் மேசைமேல், சத்தமில்லாமல் வைத்தார். போய்விட்டார்.

மறுநாள் அறக்கட்டளையின் மூலப்பத்திரத்தை வரவழைத்து நிதானமாகப் படித்தேன். வசதியற்ற மாணவருக்கு என்றுதான் நிறுவனர் சொல்லியிருந்தார். குடும்பத்தின் வருமான வரம்பு எங்கள் அலுவலகம் பிற்பாடு வைத்துக்கொண்டது. அந்த அடிப்படையில் குறிப்பெழுதி அறங்காவலர்களின் ஒப்புதலைப் பெற்றேன். முறைப்படிதான் செய்தேன். அந்தப் பெண் விடுதியில் சேர்ந்தாள். இரண்டு ஆண்டும் அவள் தகப்பனார் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. இன்று அவள் ஒரு மேல்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியை. அனந்தபுரத்து வீட்டிலும், மாணவர்கள் சொன்னபடியே, ஓர் ஆள் குறைந்துபோயிற்று.

நான் ஓய்வுபெற்று விழுப்புரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பிறகு அவரும் ஓய்வுபெற்றார். இப்போது விண்ணப்பம் முழுவதும் கணினி வழியாகத்தான். வீட்டின் புகைப்படம் ஒன்றைப் பதிவேற்றினால் போதுமாம். வீட்டுக்கு யாரும் போவதில்லை.

என் மருமகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்து, பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம்பெற்றவள். பட்டமளிப்பு விழாவில் அவளைப் பார்த்துத்தான் என் மகனுக்குக் கேட்டேன். மகன் வங்கி அதிகாரி. தினமும் புதுச்சேரி போய்வருகிறான். படித்த குடும்பம், படித்த மருமகள் என்று உறவினர் நடுவில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. அவளை மேலே படிக்கவேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. படிக்கிறாயா என்று யாரும் கேட்டதுமில்லை.

சென்ற ஆண்டு, முதுகலைச் சேர்க்கை நடக்கும் நாள்களில், ஒரு முற்பகலில் நான் செய்தித்தாளிலிருந்து தலை நிமிர்ந்தேன். எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

இரும்புக் கதவின் தாழ் ஓசைகூடக் கேட்கவில்லை. இன்னும் மெலிந்திருந்தார். சட்டைக் கை மணிக்கட்டுவரை பொத்தானிடப்பட்டிருந்தது. மரியாதை நிமித்தம் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து மகிழ்ச்சியோடு வரவேற்றேன். உடல்நலம் விசாரித்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். என் மனைவி உள்ளிருந்து வந்து வணங்கினாள்.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றார்.

என் கையிலிருந்த செய்தித்தாள் தானாக மடிந்தது.

மனைவி குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். எங்கள் வீட்டில் வருகிற எல்லோருக்குமே பாட்டில்தான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் அதை வாங்கிக் காலருகில் வைத்தார். மீண்டும் கேட்கும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. “டம்ளரில் கொண்டு வாம்மா” என்று உள்நோக்கிக் குரல் கொடுத்தேன். மருமகள் கொண்டுவந்தாள். அவரைக் கண்டதும், “சார்” என்றாள், வகுப்பில் எழுந்து நிற்பவளைப் போல. பிறகு சமையலறை நிலைப்படியருகே போய் நின்றுகொண்டாள். போகவில்லை.

அவர் டம்ளரை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார்.

இந்த வித்தை எனக்குத் தெரியும். ஆகவே நான் பேசுவதில்லை என்று முடிவுசெய்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கியோடு வந்து, எங்கள் வாசலில் நின்று, போயிற்று. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. எனக்குக் காதுக்குள் இரைந்தது. ஆயினும் நான் வாய் திறக்கவில்லை.

திறந்தவள் என் மனைவி. முழங்கால் வலியைச் சொன்னாள். மகன் ரயிலில் அலைவதைச் சொன்னாள். பேத்தியைப் பள்ளியில் சேர்த்ததைச் சொன்னாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “இவளும் மேல படிக்கணும்னு கல்யாணமான புதுசுல சொல்லிக்கினு இருந்தா. அப்பறம் பாத்துக்கலாம்னு நாந்தான் வாய அடைச்சிட்டேன். மாமாகிட்டச் சொல்லாதன்னேன்” என்றாள்.

எனக்கு இது புதிய செய்தி. நான் நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தேன். மருமகள் என்னைப் பார்க்கவில்லை. அவரிடம்தான் பேசினாள்.

“நான் இன்னும் டி.சி. வாங்கலைங்க சார். வாங்கிட்டா முடிஞ்சிபோச்சின்னு ஆயிடும்ல. அதான் வாங்கல. அது அங்கயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்.”

மாற்றுச் சான்றிதழை வாங்காமல் விட்டால் அந்தக் கல்லூரியில் தன் பெயர் இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவள் நம்பியிருக்கிறாள். கணிதத்தில் தரவரிசை பெற்ற பெண். என் வீட்டுச் சமையலறையில் இத்தனை ஆண்டு அந்த நம்பிக்கையோடு நின்றிருக்கிறாள்.

எனக்குச் சினம் வந்தது. யார்மீது என்று பிரித்தறிய முடியவில்லை. “உங்களை யார் அனுப்பினார்கள்? கல்லூரியில் இப்போது இந்த விசாரணையே கிடையாதே” என்றேன். ஆக, நானும் பேசிவிட்டேன்.

“யாரும் அனுப்பலீங்க சார்” என்றார் அவர். குரல் முன்போலவே தணிந்திருந்தது. “விண்ணப்பம் வந்த வீட்டுக்கு அப்பப் போனேன். வராத வீட்டுக்கு இப்பப் போறேன். டி.சி. வாங்காத புள்ளைங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்குதுங்க.”

அவ்வளவுதான். மீண்டும் அந்த மௌனம். இம்முறை மூவருமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது. அதைச் சுவரோரம் வைத்துவிட்டு அவர் எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஊருக்குத் தெரியப்போவதில்லை. யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் என் வீட்டில், என் கண் முன்னால், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கப்படாமல் இருக்கும்.

முதல்வர் அறையில் பேசும் குரல் எங்கிருந்தோ வந்தது.

“விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது” என்றேன் மருமகளிடம். “இளங்கலைப் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். எல்லாவற்றிலும் இரண்டு நகல். மாற்றுச் சான்றிதழை நாளை நேரில் போய் வாங்கவேண்டும். ஒன்றும் குறையக் கூடாது. குறைந்தால் சேர்க்கமாட்டார்கள்.” பிறகு சொன்னேன்: “கட்டண விலக்கு கேட்கவேண்டியதில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“சரிங்க மாமா” என்றாள்.

அவர் தண்ணீரைக் குடித்தார். ஒரே மூச்சில், டம்ளரை நன்றாகச் சாய்த்து. பிறகு எழுந்து வணங்கிவிட்டுப் போனார். வாசல்வரை போனேன். தெருவில் ஆள் இல்லை. தெருமுனைவரை போவதற்குள் அவர் எப்படி மறைந்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மருமகள் இப்போது காலை ரயிலில் திண்டிவனம் போகிறாள். மகன் புதுச்சேரிக்கு, பேத்தி பள்ளிக்கு. எங்கள் வீட்டிலும் பகலில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. மாணவர்கள் சொன்னது சரிதான் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சென்ற வாரம் ஒரு நண்பகலில் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் கடுமை. மனைவியிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். கொடுத்துவிட்டு அவள் எதிர் நாற்காலியில், அவர் உட்கார்ந்த அதே நாற்காலியில், உட்கார்ந்தாள். எனக்குப் பேச ஒன்றுமில்லை. சும்மாதான் இருந்தேன். அவள் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னாள். ரயில் தாமதத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு முந்தானையை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

“எனக்கும் காலேஜுல எடம் வந்துச்சிங்க, கல்யாணத்துக்கு முன்ன” என்றாள். “உங்ககிட்ட நான் சொன்னதே இல்ல.”

நான் குனிந்து பார்த்தேன். டம்ளர் என் முழங்காலின்மேல் இருந்தது. இன்னும் குடிக்கவில்லை.